அவர் குதிக்கவில்லை, அண்ணை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணை. மகள் அழுதழுது இப்போதுதான் நித்திரையானாள். அவள் வரைந்த படம் என் முன்னால் கிடக்கிறது: நீண்ட இறக்கையோடு எஞ்சின் இல்லாத ஒரு மர விமானம், அதை இழுத்துப்போகும் இன்னொரு விமானம், நடுவில் ஒரு கயிறு. மூலையில் ரீச்சர் ஒட்டிய மஞ்சள் துண்டு. 'சிப்பாய்கள் பரசூட்டில்தான் குதித்தார்கள். திருத்தி வரையவும்.'

வீட்டில் யாருக்காவது தெரிந்த ஒரு சிப்பாயைப் பற்றி நாளை போர்வீரர் நினைவுநாளில் பள்ளிக்கூட மண்டபத்தில் அவள் பேசவேண்டும். நான் ஹாரியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் ஹாரியை.

மல்வேர்னில் நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் நான் கொலிஜ் படித்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டுத் தூக்கியவள். நீங்கள் கிழவர்களைக் குளிப்பாட்டி முகம் வழித்துவிடுபவர். அந்தக் கிழவர்களில் ஒருவரான ஹாரி கன்னத்தில் சவர நுரையோடு கதை சொல்லுவார். கிளைடர் என்பது பலகையும் துணியும்தான், எஞ்சினும் இல்லை, உள்ளே இருப்பவனுக்குப் பரசூட்டும் இல்லை, இறங்கினால் இறங்கினதுதான். நீங்கள் என் பக்கம் திரும்பி, "பிள்ளை, உந்த மனுசன் சவப்பெட்டிக்குள்ளை உயிரோடை ஏறிப்போய்ச் சண்டை பிடிச்சிருக்கு" என்றீர்கள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி அடம்பிடித்தார். சொன்னதும் நுரை தெறிக்கச் சிரித்தார்.

ஒரு கதைக்கு மட்டும் அவர் சிரிப்பதில்லை. ஒரு தீவில் இறங்கப் போன இரவு. கரையிலிருந்து சுட்டார்கள். இழுத்து வந்தவர்கள் கடலுக்கு மேலேயே கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மரம் என்றபடியால் இறக்கை மிதந்தது. விடியும்வரை அதைப் பிடித்துக் கிடந்தார். பக்கத்தில் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். "விட்டிட்டுப் போனவங்கள் காலமைச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திட்டாங்கள், பிள்ளை" என்று என்னிடம் சொன்னீர்கள்.

அவர் இறந்ததும் லிஃப்ற் பக்கத்தில் படம் வைத்து, கீழே 'பரசூட் வீரர்' என்று எழுதினார்கள். அதைத் திருத்தச் சொல்லி மனேஜரிடம் பக்குவமாகத்தான் கேட்டீர்கள். நான் தட்டோடு அருகில் நின்றேன். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்றார் அவர். நீங்கள் நீலப் பேனையால் வெட்டி 'கிளைடர்' என்று எழுதினீர்கள். சண்டித்தனம் பண்ணியதாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது, ஷிஃப்ற் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், எனக்கொன்றும் தெரியாது என்றேன்.

பஸ் தரிப்பில் நீங்கள் ஏசவில்லை. "நீயும் கயிறை விட்டிட்டாய், என்ன" என்று மட்டும் சொல்லி, உங்கள் றொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தீர்கள். அதைக் கடிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாளைக்கும் எல்லாரும் தலை குனிந்து இரண்டு நிமிடம் நிற்பார்கள். நினைவுகூரும் மனிதன் எதில் போனான், எப்படிக் கைவிடப்பட்டான் என்று கேட்க அவர்களுக்கு ஒரு நிமிடம் இல்லை. பரசூட் என்றால் பார்க்க வடிவு, சுவரில் ஒட்டலாம். கயிற்றை விட்டவர்களை எங்கே ஒட்டுவது? உள்ளதை வரைந்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் திருத்தமாம்.

"விடும், சின்னப் படம்தானே. நாளைக்கு ரீச்சர் பிள்ளையிலை கோவத்தைக் காட்டினா?" என்கிறார் இவர். அந்தப் பயம்தான் என்னையும் இந்நேரம்வரை இருத்தி வைத்திருக்கிறது. ஆனால் மகள் படுக்கப்போகும்போது, "அம்மா, ஹாரி குதிச்சவரா?" என்று கேட்டாள். தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு.

நீங்கள் கண்ணை மூடி நாலு வருடம். உங்களுக்கு நான் சொல்லாத சாட்சியை நாளைக் காலை ரீச்சருக்கு முன்னால் சொல்லப்போகிறேன். படத்தில் ஒரு கோடும் மாறாது. பஸ் தரிப்பில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். முதலில் எதைச் சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. கெதியாய் ஒரு பதில் போடுங்கோ, அண்ணை.