தீட்டில்லாத சாவு

தங்கைக்கு,

உன்னைத் தினமும் ஆஸ்பத்திரி வேலைக்கு ஏற்றிச் சென்ற ஜட்கா வண்டிக்கார பாய் காலையில் வந்து, உன் புடவை மூட்டையை வாசலில் வைத்தார். பிரிக்கும் முன்பே கார்பாலிக் சோப்பு வாடை அடித்தது. "சிஸ்டரம்மா முந்தாநேத்து மவுத்தாயிட்டாங்க ஐயா. நேத்து அடக்கம் பண்ணியாச்சு. நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன்" என்றார். உடன்பிறந்த நான் போடவில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்பே உன்னை எரித்தவன் நான். சின்ன வயதில் தாலியறுத்து மூலையில் கிடந்தவள், பாலம் தாண்டிப் போய் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டாய். பிறகு ஞானஸ்நானமும் பெற்றாய். "அவ செத்தாச்சு. பண்ணவேண்டியதைப் பண்ணுடா" என்றார் அப்பா. தர்ப்பையில் உன் உருவம் முடைந்து, காவேரிக்கரையில் கொளுத்தினேன். பத்து நாள் எள்ளும் தண்ணீரும் விட்டேன். அந்தப் பத்து நாளும் நீ ஆற்றுக்கு அக்கரையில் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு அது தெரியும். அப்போது நான் கோழை. இப்போதும்தான், வயது கூடியிருக்கிறது.

என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது வேறு வழியில்லாமல் அந்த ஆஸ்பத்திரிக்கே ஓடினேன். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தவள் நீ. "அண்ணா, பொண்ணு பொறந்திருக்கா. மன்னி நன்னா இருக்கா. மூக்கைப் பாரேன், நம்மாத்து மூக்கு" என்றாய். பக்கத்தில் என் மாமனார் நின்றிருந்தார்.

"ரொம்ப உபகாரம், நர்ஸம்மா" என்றேன்.

குழந்தையை என் கையில் கொடுத்தாய். "பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு நீ என்னை அண்ணா என்று அழைக்கவேயில்லை.

இன்று மத்தியானம் வாத்தியாரிடம் போனேன். அன்று உன் கருமத்துக்கு மந்திரம் சொன்ன அதே மனிதர்தான். தீட்டு, தர்ப்பணம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைக்கூடத் தொடவில்லை. "அவளுக்குத்தான் அப்பவே எல்லாம் ஆயாச்சே. ஒருத்தருக்கு ரெண்டு தரம் பண்ணுவாளா? ஆத்துக்குப் போய்ச் சாப்பிடுங்கோ" என்றார்.

அவர் சொன்னதில் பிசகில்லை. உனக்காக நான் காக்கவேண்டிய ஒரே துக்கத்தை, நீ உயிரோடிருந்தபோதே நான் தீர்த்துவிட்டேன். இனி உனக்குச் செய்ய என்னிடம் ஒன்றும் கிடையாது.

சாயங்காலம் காவேரியில் முங்கினேன், உனக்காகத்தான். ஈர வேஷ்டியோடு படியேறும்போது எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன ஓய், இந்த நேரத்துல ஸ்நானம்? உம்மாத்துல ஏதாவது தீட்டா?"

"ஒண்ணுமில்லை ஓய், புழுக்கம்" என்றேன்.