பிருந்தனுக்குப் பந்து கொடுக்கச் சொல்லி எண்பது பேர்

மொன்றியல்
ஒக்டோபர் 19

அன்புள்ள மகன் பிருந்தனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் தங்கச்சி சிவாஜினியும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம், உன் சுகம் தெரியாமல் இருப்பதுதான் பெரிய கவலை. போர்த்துக்கல்லில் குளிர் தொடங்கிவிட்டதா, முழங்கால் நோ மாறிவிட்டதா, ஒன்றும் தெரியாது. ஒன்பது நாளாக நீ போன் எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் "இருக்கிறன்" என்று ஒரு சொல் அனுப்பியிருக்கிறாய். அதனால்தான் பேனை எடுத்தேன், கடிதத்தை நீ இடையில் வெட்டிவிட்டுப் போக முடியாது பார்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பிழையெல்லாம் அருமைநாதன் அண்ணையுடையது என்று நீ நினைத்திருந்தால் அது சரியில்லை. எங்கள் விளையாட்டுக் கழகத்துக்காரர் பதினைந்து பேர் லவாலில் அவர் வீட்டில் கூடி உன் ஆட்டத்தைப் பெரிய ரீவியில் பார்த்தோம். இங்கே ஒரே கோடையில் நாற்பத்தொரு கோல் அடித்தவன் நீ, அங்கே முதல் பாதி முழுக்க உன் காலில் பந்து ஆறே தரம்தான் பட்டது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அணிக்காரர் பந்தை விடாமல் தங்களுக்குள்ளேயே பின்னுக்கும் பக்கத்துக்கும் கொடுத்துக் கொடுத்து விளையாட எனக்குக் கொதி வந்துவிட்டது. நடுவில் விளையாடுகிற அந்த எட்டாம் இலக்கக்காரன் நூனோ உன்னைக் கண்டும் மற்றப் பக்கம் திரும்பிய நேரம், "இவன் எரிச்சலில எங்கட பிருந்தனுக்குப் பந்து குடுக்கிறான் இல்லை" என்று சத்தம் போட்டது நான்தான். உங்கள் அணியின் முகநூல் பக்கத்தில் போய் எழுதுவோம் என்று தொடக்கியதும் நான்தான். அண்ணை அதை வட்ஸப் குழுவில் போட்டார், அவ்வளவுதான். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் எண்பது பேர், பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் தமிழிலும், நூனோவின் பெயரைப் போட்டு, சுயநலக்காரா பிருந்தனுக்குப் பந்தைக் கொடு என்று எழுதிவிட்டார்கள். அதில் பாதிப் பேர் உன்னை ஒருநாளும் கண்டதில்லை.

பிறகுதான் அம்மா சொன்னா, நீ காய்ச்சலாகக் கிடந்த கிழமை உனக்கு சூப் வைத்துத் தந்து ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போன உன் அறைக்கூட்டாளி அந்த நூனோதான் என்று. அவனைப் பெற்றவளும் அதையெல்லாம் வாசித்திருப்பாளே. உன்னைத் தொடர்ந்து வைத்திருப்பதா விடுவதா என்று டிசம்பரில் கோச் முடிவெடுக்கப் போகிறார், அந்த நேரம் பார்த்து உன் தகப்பனே உன் காலை வாரிவிட்டேன். டோர்வல் விமான நிலையத்தில் வேலையில் நின்று பெட்டி ஏற்றும்போதும் இதே யோசனைதான். போன வெள்ளி ஒரு வண்டி நிறைந்த பெட்டிகளை விமானம் மாறி ஏற்றப் பார்த்தேன், நல்ல காலம் கூட வேலை செய்கிற றெனோல்ட் கண்டு மறித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தனிய இருந்து அதே ஆட்டத்தைத் திரும்பப் போட்டேன். இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை, உன்னை மட்டும் பார்த்தேன். இரண்டாம் பாதியில் நீ இடப்பக்கம் ஓடுகிறாய், இரண்டு தடுப்பாட்டக்காரர் உன் பின்னால் வருகிறார்கள், அவர்கள் விட்டுவந்த இடத்துக்குள் நூனோ போய்க் கோல் அடிக்கிறான். நீ ஓடாவிட்டால் அந்தக் கோல் இல்லை. அன்றைக்கு நாங்கள் ஒருவரும் அதற்குக் கை தட்டவில்லை. இன்னொன்றும் கண்டேன், கோவிக்காதே. நாலைந்து தரம் நீ கோலடியில் கையை விரித்துக்கொண்டு பந்து வரும் என்று நிற்கிறாய், பந்து வைத்திருந்தவனுக்குக் கொஞ்சம் கிட்ட இறங்கி வந்திருந்தால் தந்திருப்பான். அது உன் பிழையில்லை. "ஓடிக் களைக்காத, முன்னுக்கு நில், பந்து உன்னட்ட வரும்" என்று உன் எட்டு வயதிலிருந்து கோட்டுக்கு வெளியே நின்று கத்தினவன் நான். எங்கள் கழகத்தில் மற்றப் பத்துப் பேரும் உனக்காகவே விளையாடினார்கள், அவர்களைப் பழக்கி அப்படி விளையாட வைத்ததும் நான்தான். வேறு ஒரு பெடியனையும் நான் அங்கே கோல் அடிக்க விடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நான் எழுதியதை அழித்துவிட்டேன். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்து அழிக்கச் சொல்கிறேன், இன்னும் பதினேழு பேர் மிச்சம். "உங்கட பெடியனுக்காகத்தானே அண்ணை எழுதினது" என்று சிலர் கோவிக்கிறார்கள், கோவிக்கட்டும். இதற்குள் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், நூனோவிடம் மன்னிப்புக் கேட்டு நான் எழுதியது. சிவாஜினிதான் இங்கிலீசில் ஆக்கித் தந்தாள், "சாட்டுச் சொல்லாதேங்கோ அப்பா" என்று இரண்டு வரியை வெட்டியும் விட்டாள். அதைக் கொடுப்பதும் விடுவதும் உன் விருப்பம், ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னோடு நீ எத்தனை நாள் கதைக்காமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், ஒரே வீட்டில் இருக்கிற அந்தப் பிள்ளையோடு என்னால் நீ கதைக்காமல் இருந்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே. அம்மா வெள்ளிக்கிழமை கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்யப் போகிறா, நூனோவின் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், நட்சத்திரம் தெரியாது என்றால் ஐயர் என்ன சொல்வாரோ. முருகன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஆட்டத்தில் அவன் கோல் அடித்தால் முதல் ஆளாக ஓடிப்போய்க் கட்டிப்பிடி, இங்கே நான் எழும்பி நின்று கை தட்டுவேன்.

உனக்குப் பிழை விட்ட அப்பா,
இரவிச்சந்திரன்