இருசப்பன் தாளம் தப்பவில்லை

உத்திரமேரூர்,
12-9-1984, புதன் இரவு.

என் அன்பு அத்தானுக்கு,

ஆதிலட்சுமி எழுதுவது. இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள், மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கம்தான் காரணம். விடியற்காலை முதல் பஸ்ஸில், உங்களோடு வாசிக்கிற முஸ்தபாவின் அப்பா கடைக்குச் சரக்கெடுக்க மெட்ராஸ் வருகிறார். அவர் கையில் கொடுத்தால் மத்தியானமே உங்களிடம் சேரும். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். தாண்டிய பிறகு இதைப் படித்து என்ன பயன்?

முதலில் குழந்தை. கனகாவுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. அதனால் மூன்று நாள் ஜுரம். நேற்று இரவு உடம்பு கொதித்தபோது நெற்றிக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்று விட்டுவிட்டது. கஞ்சித் தண்ணீர் குடித்தாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம், எல்லாக் கவலையையும் நானே பட்டு முடித்துவிட்டேன். மாமா வழக்கம் போலத்தான். "மோட்டாரு எரிஞ்சுபோன நாலு பம்புசெட்டு நம்ம கடையாண்ட வந்து கெடக்குது, காயில் கட்ட ஆள் இல்ல. உன் பாட்டுக்காரன் எப்ப வர்றானாம்?" என்று என்னிடம் கேட்கிறார். உங்களிடம் கேட்கச் சொன்னேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாலு தடவை படித்தேன். கேசட் கம்பெனி முதலாளி நீங்கள் அனுப்பிய டேப்பைக் கேட்டு மயங்கித்தானே கூப்பிட்டார்? இப்போது ஸ்டூடியோவில் நீங்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு "டேப்பில் இருக்கிற சூடு இதில் எங்கே?" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் குரல் அந்த உயரத்துக்கு எட்டவில்லை என்று வெந்நீரும் உப்பும் கொப்பளிக்கிறீர்கள். டேப்பின் சுருதிக்கு முறுக்கினால் கிட்டார் கம்பி அறுந்து போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இருசப்பன் டிரம்ஸை இழுத்து இழுத்து வாசிக்கிறார், கல்யாண பேண்டு செட்டில் ஊர்வலத்துக்கு வாசித்த கை ராக் பாட்டுக்கு லாயக்கில்லை என்று முதலாளி சொல்ல, நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை அவரை ஊருக்கு அனுப்பிவிட்டுத் திங்கள் முதல் ஸ்டூடியோ ஆளை வைத்து எட்டுப் பாட்டையும் முடிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்.

அனுப்பாதீர்கள். அவர் மேல் தப்பே இல்லை. தப்பு என் மேல்.

நடந்ததைச் சொல்கிறேன். இன்று சாயந்திரம் டேப் ரெக்கார்டருக்குப் புது செல் வாங்கிப் போட்டேன். ஜுரம் விட்ட குழந்தைக்கு அவளுடைய சிரிப்பையே போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். கம்பெனிக்கு அனுப்புவதற்காக நீங்கள் மூன்று பேரும் ரைஸ் மில்லில் பாட்டுப் பிடித்துவிட்டு வந்தீர்களே, அன்று ராத்திரி அதே பெட்டியில் நான் பதிந்த சிரிப்பு அது. போட்டதும் அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாடி இது, கொயந்த சிரிப்பாவா கீது? அணிலு கத்திக்கினு கீற மாதிரி கீதே" என்றார். எனக்கு அப்போதுதான் சுரீரென்றது. சிரிப்புக்குப் பின்னால் நம் சுவர்க் கடிகாரத்தின் சத்தமும் பதிந்திருக்கிறது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். சுவரில் ஓடுகிற கடிகாரம் ஒரு நிமிஷத்துக்கு நூற்றிருபது தடவை அடிக்கிறது. டேப்பில் நூற்று முப்பத்து நாலு. மூன்று முறை எண்ணிவிட்டேன். கடிகாரத்துக்குச் சூடு ஏறாது அல்லவா?

அன்று மில்லில் பெட்டியைக் கரண்டில் போட்டால் உர்ரென்று இரைகிறது, செல் போட்டுக் கொடு என்றீர்கள். வீட்டில் புது செல் இல்லை. மாமா ராத்திரி ஏரித் தண்ணீர் திருப்பப் போகிற டார்ச்சிலிருந்து நாலையும் உருவிப் போட்டேன். அதற்கு முந்தின நாளே அந்த டார்ச் மஞ்சளாகத்தான் எரிந்தது. எனக்குத் தெரியும். நீங்கள் அவசரப்பட்டீர்கள், கடைக்கு ஓடச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். செல் தீர்ந்ததால் மோட்டார் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. அங்கேயே போட்டுக் கேட்டபோது அதே மெதுவான மோட்டார் என்பதால் சரியாகத்தான் கேட்டது. மெட்ராஸில் நல்ல கரண்டில் ஓடியதும் எல்லாம் வேகமாகி மேலே ஏறிவிட்டது. குரல், கம்பி, டிரம்ஸ், மூன்றும் ஒரே அளவு. டேப்பில் சுருதி கூடியிருப்பதற்கு, அன்று கம்பியை ஏற்றிக் கட்டியிருப்போம் என்று எழுதியிருந்தீர்கள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்த எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் புரிகிறது. லோ வோல்டேஜில் மோட்டார் திணறும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு காயில் கட்டுகிற உங்களுக்கும் தோன்றவில்லையே.

நம்பாவிட்டால் ஒன்று செய்யுங்கள். கம்பியை முறுக்காமல் உங்கள் வழக்கமான சுருதியிலேயே வைத்து, கையை மட்டும் இரண்டு கட்டம் மேலே தள்ளி டேப்போடு சேர்ந்து வாசியுங்கள். ஒட்டும். இதை முதலாளியின் எதிரிலேயே செய்யுங்கள். அவருக்கு அந்த வேகம்தான் வேண்டுமென்றால், இருசப்பனுக்கு இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் மில் லீவில் தவிட்டுத் தூசிக்கு நடுவே இரண்டு வருஷம் வாசித்த கை, இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். அந்தக் குரல்தான் வேண்டும் என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டேப்பில் இருப்பது யாரோ சின்னப் பையன். நீங்கள் பாடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்று மத்தியானம் இருசப்பனின் பெண்சாதி மலர்க்கொடி வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பேரைக் கேசட் அட்டையில் எம்மாம் பெரிய எழுத்தில் போடுவார்கள் என்று கேட்டாள். "எனுக்குப் படிக்கத் தெரியாது, நீ வெரல் வெச்சுக் காட்டுக்கா, நான் அத்தப் பாத்து வெச்சிக்கினு எல்லாருக்கும் காட்டுவேன்" என்றாள். உங்கள் கடிதம் என் மடியில் இருந்தது. வெற்றிலை கொடுத்து அனுப்பினேன்.

இருசப்பனிடம் முஸ்தபா இருக்கும்போதே சொல்லுங்கள். செல் போட்டது ஆதிலட்சுமி, தெரிந்தே போட்டாள், தாளம் ஒரு நாளும் தப்பவில்லை என்று சொல்லுங்கள். இத்தனை நாள் அவர் தலையைக் குனிந்துகொண்டு வாசித்திருப்பார். உங்களுக்குக் கோபம் வந்தால் அதை எனக்கு எழுதுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். பாட்டு மூன்று பேருடையதாகவே வெளியே வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரை நிறுத்திவிட்டு வேளைக்குச் சாப்பிடுங்கள். சாமி உங்கள் மூன்று பேருக்கும் துணையிருக்கட்டும்.

உங்கள்,
ஆதிலட்சுமி

பி.கு.: முஸ்தபாவின் அப்பா நாளை ராத்திரியே திரும்பிவிடுவார். இரண்டு வரியானாலும் போதும், அவரிடமே பதில் கொடுத்து அனுப்புங்கள்.