ரெண்டு கைத் தாழ்ப்பாள்

என்னங்க,

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க. இனிமே எந்தச் சாவியும், பின்கதவுச் சாவிகூட, பூந்தொட்டிக்கு அடியில வேண்டாம். சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், சுட வச்சுச் சாப்பிடுங்க.

பாப்பாவை அக்கா வீட்டுல விட்டுட்டு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். சிரிக்காதீங்க.

என் மூணாம் வகுப்புப் பிள்ளைங்க குப்பைக்குப் போற சாமானை வச்சே ஒரு கோழிக்கூண்டு கட்டினாங்களே, லீவு முடியுற வரைக்கும் நம்ம கொல்லையில இருக்கட்டும்னு கொண்டுவந்தேனே, அதுல இன்னைக்கும் ஒரு கோழி குறையுது. நரியா இருக்கும், கீரியா இருக்கும்னீங்க. ரத்தம் இல்ல, இறகு இல்ல. பழைய ஜன்னல்ல செஞ்ச அந்தக் கதவை எந்த மிருகமும் திறந்துடக் கூடாதுன்னு பிள்ளைங்க மண்டையை உடைச்சுக்கிட்டு ஒரு தாழ்ப்பாள் வச்சாங்க. ஒரு கையால கட்டையைத் தூக்கணும், அதே நேரம் இன்னொரு கையால கயித்தை இழுக்கணும். "ரெண்டு கை இருக்கறவங்கதான் திறக்க முடியும் டீச்சர்!"னு அதுங்களுக்கு என்ன பெருமை!

காலையில போய்ப் பார்த்தா கட்டை அது இடத்துல இருக்கு. கயித்தை அழகாச் சுத்தி வச்சிருக்கு. மிச்சக் கோழிங்களுக்குத் தண்ணி வேற ஊத்தி வச்சிருக்கு. நான் ஊத்தலைங்க.

நான் வர்ற வரைக்கும் கொல்லைப் பக்கம் போகாதீங்க.

பி.கு.: நேத்துக் காலையில பின்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டீங்கன்னு உங்களைக் கண்டபடி திட்டிட்டேன். நீங்களும் சாப்பிடாமயே டூட்டிக்குப் போயிட்டீங்க. பூட்டிட்டுத்தான் படுத்தேன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே.

இப்ப நம்புறேங்க.