கால் மறக்கவில்லை

அன்புள்ள அம்மா,

உன் முட்டி வலி தேவலையா? நான் இங்கே குஜராத்தில் சுகம்தான். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்று எழுதுகிறேன். அக்கா படித்துக் காட்டட்டும்.

எங்கள் ஃபேக்டரியில் பிளாஸ்டிக்கை உருக்கி, நீளமான இடுக்கு வழியாக விடுவார்கள். குளிர்ந்த உருளையில் விழுந்ததும் அது பிஸ்கட் சுற்றும் மெல்லிய தாளாகிவிடும். மெஷின் ஓடத் தொடங்கும்போது, அந்தத் தாளின் நுனியைக் கையில் பிடித்துக் கடைசி உருளை வரை கொண்டுபோக வேண்டும். நேற்று முதல் முறையாக என்னிடம் கொடுத்தார்கள். நான் குனிந்தபடியே பின்பக்கமாக நடந்து, வெட்டிப்போட்ட ஓரத்துண்டுக் குவியலில் மல்லாந்து விழுந்தேன். மெத்தை மாதிரி இருந்தது, அடி ஒன்றும் இல்லை.

“இப்படி நடக்க யார் சொல்லிக் கொடுத்தது?” என்று சூப்பர்வைசர் இந்தியில் கேட்டார். “அம்மா” என்றேன்.

“முன்னாடி கால வைக்காதடி, நட்ட நாத்து மிதிபடும்” என்பாயே, சின்ன வயதில் லீவு நாளில் உன்னோடு நடவுக்கு வரும்போது. சேற்றில் இறங்கக் கூடாதென்றுதான் என்னைப் படிக்க வைத்தாய். கால் மறக்கவில்லை.

குறுவை நடவு முடிந்ததா? ஹாஸ்டல் ஏசி ரொம்பக் குளிர்கிறது. போர்த்திக்கொள்ள, நீ நடவுக்குக் கட்டுகிற சேலை ஒன்றை அனுப்பு. ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

சேலையைத் துவைத்துவிடாதே அம்மா.

உன் சுடர்விழி