தாடையில் தழும்புள்ளவன்

14.8.88, ஞாயிறு

படத்தில் தப்புக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இன்று மாலை வரை நினைத்திருந்தேன்.

நானும், லேத் பட்டறையில் கூட வேலை பார்க்கும் தாசும் பூந்தமல்லியில் மேட்னி பார்த்தோம். வெள்ளைக்காரனை எதிர்த்த பாளையக்காரர் கதை. அந்தக் கோட்டைச் சண்டையை எடுத்திருக்கிற விதம், அப்பப்பா! புழுதிக்குள்ளிருந்து குதிரைகள் கிளம்பி வந்தபோது தியேட்டரில் ஒரு விசில்கூட இல்லை.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? குமணன்சாவடி டீக்கடையில் ஆரம்பித்துவிட்டேன்.

"தாடையில தழும்பு வெச்சவன் வெள்ளக்காரன் பட்டாளத்துலயும் கீறான், பாளையக்காரர் பக்கமும் கீறான். ஆளுக்கா பஞ்சம்? டைரக்டர் தூங்கிட்டாரா?"

தாஸ் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"எங்க சித்தப்பா இந்த மாதிரி சண்ட சீனுக்குப் போவாரு மச்சான். காலைல வெள்ளக்காரன் பட்டாளத்து செவப்புச் சட்ட, மத்தியானம் பாளையக்காரர் ஆளு தலப்பா. ஆளு கம்மி, அதான். ஆனா நெசத்துல மட்டும் இன்னா? வெள்ளக்காரன் எத்தினி பேரு கப்பல்ல வந்துகினான்? துப்பாக்கிய தூக்கிகினு நம்மாள சுட்டதும் நம்மாளுதானே?"

என் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

டைரக்டர் தெரிந்து செய்தாரோ, ஆள் இல்லாமல் செய்தாரோ, அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போக மறுக்கிறது. சிவப்புச் சட்டையில் தழும்புக்காரன் கோட்டைச் சுவரில் ஏறுகிறான். மேலேயிருந்து அவன்மேல் ஈட்டியை எறிகிறவனும் அதே தழும்புக்காரன்.

தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில்தான் நான் சத்தமாகச் சிரித்தேன்.