திருவிருந்துக்கு முன்

காஜா பேராங், மலாக்கா
6.1.1963

அன்புள்ள மல்லிகாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். உன் அண்ணன் வீட்டில் நீயும் விஜயாவும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். சிரிக்காதே, நிஜமாகவே ஜெபிக்கிறேன். சம்சு சாராயத்தைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்ட என்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எனக்கு இல்லை. "சம்சாரத்தோட சமாதானமாகிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று போதகர் ஐயா சொல்லிவிட்டார். எல்லோரும் முன்னால் போய் முழங்காலிடும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். உன் கையை உடைத்தவனுக்குக் கேட்க வாயில்லைதான். ஆனாலும் கேட்கிறேன், என்னோடு சமாதானமாகு.

விஜயாவின் அப்பா,
தேவதாஸ்

சிரம்பான்
20.1.1963

விஜயாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிக்கத்தான் செய்தேன். பிறகு அண்ணன் இரண்டாம் தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். நீங்கள் மாறிவிட்டதாக இங்கே நாலு பேர் சொல்கிறார்கள். இடது கையால் இன்னும் குடம் தூக்க முடியவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஜயாவுக்குத் தம்பின் ஊரிலிருந்து சம்பந்தம் வந்து, பேசி முடித்துவிட்டோம். மாப்பிள்ளை தம்பிராஜா, பள்ளிக்கூட வாத்தியார், சாந்தமான பிள்ளை. அவருடைய அத்தை பொன்னம்மா உங்கள் பக்கம் கிளேபாங்கில்தான் இருக்கிறார். கல்யாணத்தன்று அப்பாதான் கை பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று உங்கள் மகள் ஒரே பிடிவாதம். ஈஸ்டருக்கு இங்கே வாருங்கள். போதகருக்கு நானே எழுதுகிறேன்.

இதை நான் செய்வதற்கு ஒரே காரணம்தான். தலைகால் தெரியாமல் குடித்துவிட்டு என்னைப் போட்டு அடித்த நாட்களில்கூட அந்த ஒரு விஷயம் உங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்குக் கொடுத்த வாக்குகளில் நீங்கள் காப்பாற்றியது அது ஒன்றுதான். அதற்காகவே உங்களை மனுஷனாக மதிக்கிறேன்.

மல்லிகா

காஜா பேராங்
18.2.1963

என் அன்பு மல்லிகாவுக்கு,

தேவனுக்கு ஸ்தோத்திரம். என் பாரம் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாட்சிக் கூட்டத்தில் சபை முன்னால் எழுந்து நின்றேன். குடியைச் சொன்னேன். உன்னை அடித்ததைச் சொன்னேன். மறைத்து வைத்தால் மனந்திரும்புதல் பாதிதான் என்று போதகர் ஐயா பிரசங்கித்திருந்ததால் மிச்சத்தையும் சொன்னேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்கு என்னைப் பிடித்துக்கொண்டு போனதையும், திரும்பி வந்தபோது வீட்டில் கைக்குழந்தை இருந்ததையும், அதை என் பிள்ளையாகவே வளர்த்ததையும், உன்னை மன்னித்ததையும் சொன்னேன். சபையே அழுதது. ஐயா என்னைக் கட்டிக்கொண்டார். வரும் ஞாயிறு திருவிருந்துக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார். ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறேன்.

விஜயாவின் அப்பா,
தேவதாஸ்

சிரம்பான்
9.3.1963

திரு. தேவதாஸ் அவர்களுக்கு,

அன்று உங்கள் கூட்டத்தில் பொன்னம்மாவும் இருந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிச்சயப் புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். சத்தம் போடவில்லை. தம்பிராஜா தலை நிமிரவே இல்லை.

சயாமிலிருந்து திரும்பிய இரண்டு பேர் உங்களைப் புதைத்ததாகவே சொன்னார்கள். நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். மரவள்ளிக்கிழங்குகூட இல்லாத நாட்களில் ஒரு மனிதர் எனக்குச் சோறு போட்டார். அவரும் சண்டை முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் பசியையா நீங்கள் சபை நடுவில் மன்னித்தீர்கள்? உங்களுக்குப் பந்தி கிடைத்துவிட்டது. என் பிள்ளை தெருவில் நிற்கிறாள்.

உண்மையா என்று விஜயா கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு நாள் அழுதாள். பிறகு ஒரே கேள்வி கேட்டாள். "அப்பா அதைச் சொல்றப்ப அழுதாராம்மா, இல்ல பெருமையா சொன்னாரா?"

அழுதிருந்தால் ஈஸ்டருக்கு வரட்டும் என்கிறாள். இல்லையென்றால் இனி அவள் முகத்தில் விழிக்க வேண்டாமாம். நான் அங்கே இல்லை. நீங்களே எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைத்தான் அவள் நம்புவாள்.

மல்லிகா

காஜா பேராங்
24.3.1963

அன்புள்ள மல்லிகாவுக்கு,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். அழுதேன் என்று எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டி வரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவந்தேன். உன் கடிதம் வந்த பிறகு திருவிருந்துக்குப் போகவில்லை. ஐயா வந்து கூப்பிட்டார். பழையபடி பெஞ்சிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விஜயாவிடம் சொல்லிவிடு. பெருமையாகத்தான் சொன்னேன். யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன்.

தேவதாஸ்